வெள்ளைச் சீருடையும் மாரிகாலமும்

சீருடை ஏழை, பணக்காரன் என்ற பேதத்தை மறைக்கிறது என்று எமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் அது ஓரளவு உண்மைதான். மெல்லிய வெள்ளைப் பருத்தி யாழ்ப்பாணத்து வெக்கைக்கு ஏற்றது. பின்னேரம் தோய்த்துக் கொடியில் போட்டால் விடியமுன் காய்ந்துவிடும். ஒரேயொரு உடுப்பு வைத்திருக்கும் பிள்ளையும் ஐந்து வைத்திருக்கும் பிள்ளையும் வரிசையில் ஒன்றுபோலவே நிற்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கியதும் இந்தச் சமத்துவம் கரைந்துவிடும். ஒற்றை உடுப்புக்காரன் ஈரத்தோடு வருவான், அல்லது அடுப்படியில் உலர்த்திய புகைமணத்தோடு வருவான், அல்லது வரவேமாட்டான். வராதவனுக்கு அடுத்தநாள் அடி.

நுவரெலியாவில் இது இன்னொரு விதம். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே, தை மாதக் குளிரில், சீருடைக்கு மேல் போடும் கம்பளிச்சட்டைதான் யார் வீட்டுப் பிள்ளை என்பதைக் காட்டிக்கொடுக்கும். 1993இல் அரசு இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் மலைக்கும் வடக்குக்கும் அதே வெள்ளைத் துணிதான்.

எல்லோருக்கும் ஒரே துணி கிடைப்பது சமத்துவமா, எல்லா உடம்பும் ஒரேயளவு சூட்டோடு வகுப்பில் இருப்பது சமத்துவமா? நாங்கள் இரண்டாவதன் பக்கம். இங்கே ஐரோப்பாவில், நாங்கள் வேலைசெய்யும் உணவகச் சமையலறையில் வெள்ளைச் சட்டை கட்டாயம். அதைத் தோய்த்து உலர்த்தித் தருவது முதலாளியின் செலவு. முதலாளி ஒன்றும் தர்மவான் அல்ல. வெள்ளை அவருக்குத் தேவை, ஆகவே செலவும் அவருடையது. எங்கள் பள்ளிக்கூடத்தில் உலர்த்தும் பாட்டை மழையோடு மல்லுக்கட்டும் தாயிடம் விட்டுவிட்டு, காலையில் பிரம்போடு வாசலில் நின்றார்கள்.