காடு மீளுமெனின் அழித்தல் குற்றமாகுமோ?

சைவ நன்மக்களாகிய ஆசிரியர்களே,

"அழித்தலும் இறைவன் தொழிலன்றோ? அழிந்த காடு தானே மீள முளைக்குமன்றோ? அங்ஙனமாகக் காட்டை வெட்டுதல் எவ்வாறு குற்றமாகும்?" என்று மாணாக்கன் ஒருவன் வினவின், யாம் யாது விடை கூறுவேம்? இது சிறுவர் வினாவெனத் தள்ளற்பாலதன்று. பொருளாசையாற் காடழிப்போரும் இதனையே தமக்கு அரணாகக் கொள்ளுதல் கூடும். ஆதலின் காடு மீளுமாற்றை முன்னர் ஆராய்ந்து, நீதியைப் பின்னர்த் துணிவாம்.

சாவகத்துக்கும் சுமாத்திராவுக்கும் இடைப்பட்ட கடலிலே கிரக்கட்டோவா என்னும் எரிமலைத் தீவு உளது. அது 1883ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாசம் 27ஆந் திகதி பெருவெடிப்புற்றது. தீவின் மூன்றிலிரண்டு பங்கு கடலுள் மறைந்தது. எஞ்சிய பங்கு கொதிசாம்பலுள் ஆழப் புதைந்தது. கடல் பொங்கியும் எரி பரந்தும் அயற்கரைகளில் 36,000இன் மேற்பட்ட மாந்தர் மாண்டனர். மறுவருடம் மே மாசத்தில் அங்குச் சென்றோர் கண்ட உயிர் சிறு சிலந்தி ஒன்றேயாம். 1886இல் தாவரநூல் வல்லார் சென்றபொழுது, சாம்பலின்மீது நீலப்பசும் பாசி மெல்லெனப் படர்ந்திருந்தது. பன்னங்கள் 11 வகை வளர்ந்திருந்தன. 1897இல் நெடும்புல் செறிந்திருந்தது. பின்னர் அத்தியின் இனமரங்களும் பிறவும் பெருகின. ஏறக்குறைய 50 ஆண்டில் தீவு காடாயிற்று. முன்வந்த புல்லோ, பின்வந்த மரங்களின் நிழலில் ஒடுங்கிற்று.

இதனைக் கேட்போர், "வெறுஞ் சாம்பலினின்றும் காடு தானே பிறந்தது" என்பர். அது பிழை. இல்லது தோன்றாதென்பது நம் சித்தாந்தத் துணிபு. வித்துக்கள் யாண்டிருந்து வந்தன? ஏறக்குறைய 25 மைல் தூரத்தே, சாவகத்திலும் சுமாத்திராவிலும் காடுகள் அழியாது நின்றன. பன்னத்தின் நுண்டுகளைக் காற்றுக் கொணர்ந்தது. கரைத்தாவரங்களின் வித்தைக் கடல் கொணர்ந்தது. அத்தியின் வித்தைப் பறவையும் வௌவாலும் கொணர்ந்தன. ஆகவே அத்தீவு மீண்டது தன்னாலன்று. எஞ்சிநின்ற காடுகளின் கொடையாலேயாம்.

நம் நாட்டிலும் இவ்வுண்மை காணத்தகும். சிங்கராஜ வனத்திலே 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக மரங்கள் தறிக்கப்பட்டன. பலரும் எதிர்த்தமையால் அத்தறிப்பு நின்றது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. முதுமரங்கள் அருகே நின்ற இடங்களில் இளமரங்கள் எழுந்தன. முற்றும் வெட்டிப் பலகால் எரியூட்டிய அயற்சரிவுகளிலோ, கெக்கில்ல எனச் சிங்கள மக்கள் வழங்கும் பன்னமே மூடிக்கொண்டது. அவ்வனத்துப் பெருமரங்கள் பலவற்றின் வித்துத் தாய்மரத்தை விட்டு நெடுந்தூரஞ் செல்லாது. மண்ணிலே நெடுநாள் உயிரோடு கிடப்பதுமன்று. தாய்மரம் போயின் வித்தும் போயிற்று.

இனி, இறைவனது சங்காரம் யாது? பிறந்திறந்து இளைத்த உயிர்கள் ஓய்வுறுதற்பொருட்டு, உலகத்தை அதன் முதற்காரணமாகிய மாயையில் ஒடுக்குதலாம். ஒடுங்கியது காரணத்தில் நிற்றலின் மீளத் தோன்றுகின்றது. ஆகவே அவன் அழித்தல் வித்தைக் காத்தலோடு கூடியது. உயிர்கள்மேல் வைத்த கருணையால் நிகழ்வது. பேராசையால் நாம் அழித்தலோ வித்தையும் உடன் எரிப்பது. இவ்விரண்டையும் ஒன்றெனல் யாங்ஙனம் பொருந்தும்? மீளுமென்று சொல்லிக் காட்டை அழிப்போன், திருவருள் உண்டென்று சொல்லித் தீவினை செய்வோனை ஒப்பான். பொறுப்பார் உளராதல் பிழை செய்தற்கு உரிமையாகாது.

அங்ஙனமாயின் மனைக்கும் ஏருக்கும் மரங் கொள்ளலாகாதோ எனின், கொள்ளலாம். தாய்மரமும் வித்தும் எஞ்சுமாறு கொள்ளல்வேண்டும். பின்வருவோர்க்கும் ஏனையுயிர்கட்கும் உரியதை நாமே உண்டு தீர்த்தல் அறமன்று.

ஆசிரியர்களே, "காடு தானே மீளும்" என்று மாணாக்கன் சொல்லுமிடத்து, "தானே" என்னுஞ் சொல்லிலே அவனை நிறுத்தி, "எதனால் மீளும்?" என்று வினவுவோமாக. அவன் விடை தேடிச் சென்று எஞ்சிநின்ற காட்டைக் காண்பானாயின், அதனைக் காத்தல் தன் கடனென்பதையும் உடன் காண்பான்.

திருவருள் முன்னிற்க.