நோயாளியின் இரகசியமும் அமானிதமே

ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தாலே அப்பேச்சு அமானிதமாகிவிடும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. டாக்டரிடம் தாழ்ந்த குரலில் நோயைச் சொல்லும் பெண்மணி எத்தனை முறை கதவைத் திரும்பிப் பார்க்கிறார்!

இன்று அந்தப் பேச்சு கம்ப்யூட்டரில் ஏறுகிறது. 2021 செப்டம்பர் 27-ல் நாடெங்கும் துவக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 14 இலக்க ‘ஆபா’ எண் தருகிறார்கள். பெறுவது கட்டாயமன்று. அதன் வழியே நம் மருத்துவக் குறிப்புகளை இன்னோர் ஆஸ்பத்திரி பார்க்க நம் சம்மதம் வேண்டும். தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழியுண்டு. வெளியூர் சென்று வைத்தியம் பார்ப்போருக்கு வசதிதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? தாயார், மனைவி, வயது வந்த மகள் எல்லோருக்கும் ஒரே செல்போன். வந்த ஓ.டி.பி. எண்ணை வீட்டுத் தலைவரே சொல்லிவிடுகிறார். மனைவியின் மஹர் அவளுடைய சொத்து, அவள் மனமுவந்து தந்தாலன்றித் தொடலாகாது என்று அறிந்தவர், அவளுடைய நோயின் இரகசியத்தைக் கேளாமலே எடுத்துக் கொடுக்கலாமா? ஆராய்ச்சிக்கு, நாலு பேருக்கு நன்மை என்பார்கள். அமானிதப் பொருளைத் தருமம் செய்வதற்கும் உடையவரின் அனுமதி வேண்டுமல்லவா?

அடுத்த முறை எண் வந்தால் போனை உம்மாவிடம் கொண்டு போங்கள். இன்னார் இன்னதைப் பார்க்கக் கேட்கிறார்கள், சம்மதமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.