ஆட்டம் இல்லாத நாட்கள்

ஒரு செயலை மனிதன் எதற்காகச் செய்கிறான் என்பது, அதன் பயன் தொலைவில் விலகிப் போகும்போதுதான் வெளிப்படுகிறது. போட்டி நெருங்கும் நாட்களில் எந்த இளம் வீரனும் விடியுமுன் எழுந்துவிடுவான். போட்டிக் காலம் முடிந்து ஓய்வுக் காலம் வந்தபின் அவனை எழுப்புவது எது? பெற்றோரும் பயிற்சியாளரும் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் கேள்வி இது.

2020-ஆம் ஆண்டு பெங்களூரில் இக்கேள்வி மிகக் கடுமையாக எழுந்தது. அங்குள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் தேசிய மகளிர் ஹாக்கி அணியினர் டோக்கியோ ஒலிம்பிக்கிற்காகப் பயிற்சி பெற்று வந்தனர். மார்ச் 24 அன்று ஒலிம்பிக் தள்ளிவைக்கப்பட்டது. அதே நாளில் நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. இலக்கு விலகிற்று; வீடு திரும்பவும் வழியில்லை. வழக்கமான ஆட்டப் பயிற்சியும் நின்றது. அணியில் இருபது வயதை ஒட்டிய இளம்பெண்களும் இருந்தனர்.

அந்நிலையில் ராணி ராம்பால் தலைமையிலான அணி 18 நாள் முயற்சி ஒன்றை மேற்கொண்டது. நாள்தோறும் ஒரு வீராங்கனை ஓர் உடற்பயிற்சியைச் சமூக வலைத்தளத்தில் முன்வைத்து, பத்துப் பேரை அழைப்பார். அவர்கள் அதைச் செய்து, நூறு ரூபாய் நன்கொடையும் தர வேண்டும். இவ்வாறு திரண்ட சுமார் 20 லட்சம் ரூபாய், ஊரடங்கால் பிழைப்பிழந்த ஏழை எளியோருக்காக வழங்கப்பட்டது. தனக்கென்று செய்கையில் சோர்வு தரும் பயிற்சி, பிறர் பசிக்கென்று செய்கையில் பொருள் பெறுகிறது.

ஓய்வு குற்றமன்று. அறுவடை முடிந்த நிலத்தில் உழவன் உடனே விதைப்பதில்லை. எனினும் கோடை உழவைக் கைவிடுவதுமில்லை. உழைத்த தசைகள் ஓய்வில்தான் வலுப்பெறுகின்றன. முற்றிலும் செயலற்றிருந்தாலோ, சில வாரங்களிலேயே உடலின் தாங்குதிறன் குறையத் தொடங்குகிறது. ஆகவே விடுமுறையில் பிள்ளைகள் நீந்தட்டும், மிதிவண்டி ஓட்டட்டும், வேறொரு விளையாட்டை வெற்றி தோல்விக் கணக்கின்றி ஆடட்டும். அன்றாடம் ஒரு சிறு பயிற்சியை மட்டும் தாமே தேர்ந்து, யாரும் ஏவாமல் செய்யட்டும். ஏவலால் வரும் ஒழுங்கு ஏவுபவர் விலகியதும் போய்விடும். தானே ஏற்ற ஒழுங்கு நிலைக்கும்.

இலக்கின்றி ஊக்கம் உண்டாகுமா என்று கேட்கலாம். இலக்கு வேண்டியதுதான், அது திசை காட்டும். ஆனால் நடக்கும் வலிமையை அது ஒன்றே தந்துவிடாது. 2021-இல் டோக்கியோவில் அதே மகளிர் அணி முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. பின்னர் அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் வென்று, காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என வீழ்த்தி, ஒலிம்பிக்கில் முதன்முறையாக அரையிறுதிக்குள் நுழைந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4 எனத் தோற்று நான்காம் இடம் பெற்றது.

பதக்கம் கிட்டவில்லை. அப்படியானால் பெங்களூரில் கழிந்த அந்த நாட்கள் வீணா? பதக்கத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், ஆம் என்றே சொல்ல நேரும். அந்த விடையை எந்த நெஞ்சமும் ஏற்காது. பயனுக்கு அப்பாலும் உழைப்புக்கு மதிப்புண்டு என்பதை நாம் உள்ளூர அறிந்தே இருக்கிறோம்.

இவ்விடுமுறையில் பிள்ளையிடம், "அடுத்த போட்டி எப்போது?" என்று கேட்குமுன், "இன்று ஆடியதில் உனக்கு எது பிடித்தது?" என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்கு அவன் சொல்லும் விடையில்தான் அவனுடைய நாளைய ஊக்கம் இருக்கிறது.