ஒப்பந்தமும் நேர்ச்சையும்

நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில், நிலத்தோடு அதன் கிணறு, வழிநடைப் பாத்தியம், மாவடை மரவடை யாவும் வாங்குபவரையே சாரும் என்று வரிசையாக எழுதியிருக்கும். அந்நிலத்தில் இருபது ஆண்டுகள் ஏர் பிடித்தவனைப் பற்றி ஒரு சொல்லும் இராது. அவன் விற்பனைக்குரிய பொருள் அல்லன் என்பதே காரணம். ஆனால் பத்திரம் பதிவான மறுநாட் காலையில் புதிய உரிமையாளர் வரப்பில் வந்து நிற்கும்போது, இவருக்கும் அவனுக்கும் உள்ள உறவு யாது? முன்னவரிடம் அவன் கொண்டிருந்த பற்று இவருக்குத் தானாகவே வந்து சேருமா? சேராதெனில், அதைக் கேட்டுப் பெறும் உரிமை இவருக்கு உண்டா?

வயலைவிடக் கூர்மையாக இக்கேள்வி எழுந்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தலைமையகம் கொண்டிருந்த ட்விட்டர் நிறுவனத்தை எலான் மஸ்க் என்னும் பெருஞ்செல்வர் 2022 அக்டோபர் 27 அன்று 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். தலைமைச் செயல் அலுவலர் முதலிய உயர் அலுவலர் சிலர் உடனே நீக்கப்பட்டனர். மென்பொருட் பொறியாளர்கள், அண்மை வாரங்களில் தாங்கள் எழுதிய நிரல்களைத் தாளில் அச்சிட்டு எடுத்து வருமாறு பணிக்கப்பட்டனர் என்றும், சிறிது நேரத்திற்குள்ளாகவே அத்தாள்களை அழித்துவிடும்படி மற்றோர் ஆணை வந்தது என்றும் செய்தித்தாள்கள் எழுதின. அவர்களது வேலையை மதிப்பிட, புதிய உரிமையாளரின் டெஸ்லா வாகன நிறுவனத்திலிருந்து பொறியாளர்கள் வந்தனர். நவம்பர் 4 அன்று, ஏறத்தாழ 7,500 ஊழியரில் பாதிப்பேர் வேலை இழந்தனர். அலுவலகக் கணினிக்குள் நுழைய முடியாமற் போனபோதுதான் தம் வேலை போயிற்று என்பதைப் பலர் உணர்ந்துகொண்டனர். சில நாள்களுக்குப் பின், தளம் மெதுவாக இயங்குவதற்கு உரிமையாளர் பொதுமேடையில் கூறிய காரணம் தவறு என்று ஒரு பொறியாளர் அதே மேடையில் மறுத்து எழுதினார். அவர் நீக்கப்பட்டுவிட்டார் என்பதே உரிமையாளரிடமிருந்து ஊரறிய வந்த பதில்.

பின்னர் நவம்பர் 16 அன்று எஞ்சியிருந்தோர் அனைவருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'பாதை பிரியும் இடம்' என்னும் பொருள்படும் தலைப்பு அதற்கு. இனி நெடுநேரம், மிகுந்த தீவிரத்தோடு உழைக்க வேண்டும். தலைசிறந்த பணி மட்டுமே தேர்ச்சி எனக் கொள்ளப்படும். இதற்கு இசைபவர் மறுநாள் மாலை 5 மணிக்குள் 'ஆம்' என்னும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாதோர் மூன்று மாத ஊதியத்தோடு விலகிக்கொள்ளலாம். இதுவே அதன் சாரம். ஒரு நாளைக்குச் சற்று மேற்பட்ட அவகாசம். மறுநாள் மாலையில், போவோர் பலர் கைகூப்பி வணங்கவில்லை. படைவீரர் வைக்கும் சல்யூட் போன்ற சிறு சித்திரத்தை அலுவலக உரையாடற் பலகையில் ஒருவர்பின் ஒருவராக இட்டுவிட்டுப் போயினர். நூற்றுக்கணக்கானோர் அவ்வாறு விலகியதாகச் செய்திகள் கூறின.

உரிமையாளர் தரப்பையும் நாம் நேர்மையோடு நோக்க வேண்டும். அந்நிறுவனம் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நட்டத்தில் முடிந்தது. நாள் ஒன்றுக்கு 40 இலட்சம் டாலருக்கு மேல் இழப்பு ஏற்படுவதாகப் புதிய உரிமையாளர் கூறினார். தளர்ந்துபோன வேலைப் பழக்கங்களைத் திருத்துவது புதிய தலைமைக்கு உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். ஆட்குறைப்பு எதுவாயினும் பாவமே என்று கூறிவிடுவது எளிது, அது மெய்யன்று. கப்பல் மூழ்கினால் எல்லாருமே மூழ்க நேரும். அன்றியும், சில நாள்களில் அத்தளம் சரிந்து விழும் என்று பலர் ஆரூடம் கூறினர், அது சரியவில்லை. 8,000-க்குச் சற்றுக் குறைவாக இருந்த ஊழியர் தொகை 1,500 அளவிற்கு இறங்கிவிட்டதாக 2023 ஏப்ரலில் பி.பி.சி. நேர்காணலில் அவரே கூறினார். அப்போதும் தளம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. நிறுவனத்தை வாங்குவதற்கென்று பெற்ற கடனில் ஏறத்தாழ 1,300 கோடி டாலர் அந்நிறுவனத்தின் தலைமீதே ஏற்றப்பட்டது. வாங்கியவர் பட்ட கடனை வாங்கப்பட்டது சுமப்பது நிதித்துறையில் வழக்கமாம். நம் காதுக்கு அது சற்று விந்தையாகவே ஒலிக்கிறது.

ஆகவே கேள்வி, அவர் சிக்கனம் செய்தது சரியா என்பதன்று. அக்கடிதம் எதைக் கேட்டது என்பதே கேள்வி. கூடுதல் நேரம் வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தால் அது ஒப்பந்தத் திருத்தம். அதற்குக் கூலி உண்டு, சட்டம் உண்டு, பேரம் உண்டு. ஆனால் அக்கடிதம் நேரத்தின் அளவைக் குறிப்பிடவில்லை. 'தலைசிறந்தது' எது என்பதையும் வரையறுக்கவில்லை. அளவு குறிக்கப்படாத ஒன்றைத் தர ஒருவர் இசைவாராயின், அவர் தருவது உழைப்பை அன்று, தம்மையே. அதற்கு நம் மரபில் பெயர் ஒப்பந்தம் அன்று, நேர்ச்சை.

உரிமையாளர் ஏன் அவ்வளவு கேட்டார்? அவரது சுபாவம் அது என்று விட்டுவிடலாம். ஆனால் இத்தொழிலின் இயல்பிலும் அதற்கொரு காரணம் உண்டு என எண்ணுகிறோம். டென்மார்க் நாட்டுக் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், நிரல் என்பது எழுதிவைத்த வரிகள் மட்டும் அன்று என வாதிட்டார். ஒவ்வொரு பகுதியும் ஏன் அவ்வாறு அமைந்தது, உலகின் எந்தத் தேவைக்கு அது விடை, எங்கே தொட்டால் எது அசையும் என்னும் முழுமையான அறிவு, அதை ஆக்கியவர்களின் உள்ளத்தில் இருக்கிறது. அதுவே நிரலின் உயிர். அவர்கள் கலைந்துவிட்டால் நிரல் இயங்கினாலும் உயிரற்றது. எழுதிவைத்த குறிப்புகளால் அதை முற்றிலும் மீட்க இயலாது என்பது அவர் கருத்து. நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிய செய்தி அன்று. சமையற்குறிப்பை எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். கைப்பக்குவம் எழுத்தில் வருமா?

நிரல்களைத் தாளில் அச்சிட்டுக் காட்டச் சொன்ன ஆணையை இந்த ஒளியில் பார்த்தால் அது வெறும் கடுமையாகத் தோன்றாது; அறியாமையாகத் தோன்றும். வாங்கிய பொருள் தாளில் இருக்கிறது என்று எண்ணியவர், அது அவர்கள் நெஞ்சில் இருக்கிறது என்பதைச் சில நாள்களில் கண்டுகொண்டிருக்க வேண்டும். நெஞ்சை எழுதி வாங்க முயன்றதே அக்கடிதம் போலும். 2023 மார்ச் 6 அன்று அத்தளத்தில் இணைப்புகள் திறக்கவில்லை; படங்கள் தோன்றவில்லை. ஒரு சிறு மாற்றம் பெரும் விளைவை உண்டாக்கிவிட்டது என்றும், நிரலமைப்பு எளிதில் நொறுங்கும் நிலையில் உள்ளது என்றும் உரிமையாளரே எழுதினார். எங்கே தொட்டால் எது அசையும் என்று அறிந்தவர்களில் எத்தனைபேர் அப்போது உள்ளே இருந்தனரோ!

இனி, 'ஆம்' என்று அழுத்தியவர்களிடம் வருவோம். அது விருப்பமா, கட்டாயமா? அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில், புயலில் சிக்கிய கப்பலிலிருந்து சரக்கைக் கடலில் எறியும் மாலுமியை எடுத்துக்காட்டுகிறார். சரக்கை எறிய எவரும் விரும்பார். ஆயினும் உயிர் பிழைக்க வேண்டி அவ்வேளையில் அதைத் தெரிந்தே செய்கின்றனர். இத்தகைய செயல்கள் கலவையானவை என்கிறார் அவர். புனித தாமஸ் அக்குவினாஸ் இதையே பின்பற்றி, அச்சத்தால் செய்தது அந்த நேரத்து நிலையில் விருப்பச் செயலே, ஆனால் ஒரு நோக்கில் விருப்பமின்மையும் அதில் கலந்துள்ளது என்று தெளிவுபடுத்துகிறார். குருமடத்தில் இப்பகுதியைப் படிப்போர் பலர் இதை நூலறிவு நுணுக்கம் என்று கடந்துவிடுவர். ஆனால் அந்த நவம்பர் இரவில் கணினித் திரைமுன் அமர்ந்திருந்த பலருக்கு இது நுணுக்கமாக இருந்திருக்காது.

ஏனெனில் அவர்களுள் எல்லாருடைய புயலும் ஒரே அளவினது அன்று. எச்-1பி விசாவில் அமெரிக்காவில் பணிபுரியும் அயல்நாட்டவர் வேலை இழந்தால் 60 நாள்களுக்குள் வேறு நிறுவனம் தேட வேண்டும். அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும். அதுவும் இயலாவிடில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். இந்த விசாவைப் பெறுவோரில் பெரும்பான்மையோர் இந்தியர். பிள்ளைகளை அங்கே பள்ளியில் சேர்த்து, ஊரில் வீட்டுக் கடனும் கட்டிவரும் தமிழ்ப் பொறியாளர்களை நம் பங்குக் குடும்பங்கள் பல அறியும். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பொறியாளர் மூன்று மாத ஊதியத்தை எடுத்துக்கொண்டு சற்று ஓய்ந்து வேறு வேலை தேடலாம். அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கும் விசாக்காரருக்கு அதே மூன்று மாதத்தில் குடும்பத்தோடு நாடு கடக்க வேண்டிய நிலை நேரலாம். இருவரிடமும் ஒரே கேள்வி கேட்கப்பட்டது. ஒரே பொத்தான் தரப்பட்டது. கேட்டவருக்கு இது சமத்துவமாகத் தோன்றியிருக்கக்கூடும்.

இதனால் விளைந்த கேடுகளுள் ஒன்றை அதிகம்பேர் பேசுவதில்லை. மேலிருந்து வந்த அழுத்தம் கீழே இருப்போரை ஒருவரோடொருவர் மோதவிட்டது. தங்கியவரைப் பார்த்து 'முதுகெலும்பு இல்லாதவர்' என்பதும், விலகியவரைப் பார்த்து 'சொகுசுக்காரர்' என்பதும் எளிது. அலுவலகத் தரையில் உறங்குபையில் படுத்திருந்த அலுவலர் ஒருவரின் படம் அந்நாள்களில் உலகெங்கும் பரவியது. அவரை அடிமை என்று நகைத்தவர் பலர். உழைப்பின் சின்னம் என்று புகழ்ந்தவரும் உண்டு. தம் குழுவின்மீது கொண்ட பற்றால் ஒருவர் தரையில் படுப்பதைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. 2023 பிப்ரவரியில் நடந்த ஆட்குறைப்பில் அவரும் நீக்கப்பட்டார். அப்போதும் நகைத்தார்கள். நமக்கு வருத்தம் தருவது இரண்டாவது நகைப்பே. கலவையான செயலைச் செய்தவரின் உள்ளத்தில் எத்தனை பங்கு விருப்பம், எத்தனை பங்கு அச்சம் என்று வெளியிலிருந்து அளக்க எவருக்கும் படி தரப்படவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து கேட்கும் குருவே அந்த அளவைக் காண்பதற்குத் திணறுவார்.

அளவு குறிக்காத அர்ப்பணத்தைக் கேட்பது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. திருச்சபையும் கேட்கிறது, துறவிகளிடம் முழு வாழ்வையும் கேட்கிறது. ஆனால் எப்படிக் கேட்கிறது? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, நவதுறவு நிலை 12 மாதங்களுக்குக் குறையுமாயின் செல்லாது. அதன்பின் எடுக்கும் முதல் வார்த்தைப்பாடும் தற்காலிகமானதே. குறைந்தது மூன்று ஆண்டுகள் அவ்வாறே வாழ்ந்து பார்த்த பின்னரே இறுதி வார்த்தைப்பாடு. கடும் அச்சத்தின்கீழ் எடுத்த வார்த்தைப்பாடு செல்லாது. அத்தொகுப்பின் 1191-ஆம் சட்டம், அநீதியான கடும் அச்சத்தால் செய்த எந்த நேர்ச்சையும் தானாகவே செல்லாது என்கிறது. பொதுவான சட்டச் செயல்களுக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை. அச்சத்தால் செய்தவையும் பெரும்பாலும் செல்லும், பின்னர் தீர்ப்பால் நீக்கப்படலாம் என்கிறது 125-ஆம் சட்டம். இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஒப்பந்தம் அச்சத்தைத் தாங்கும், நேர்ச்சை தாங்காது. ஒருவர் பயந்துகொண்டே வீட்டை விற்றாலும் வீடு கைமாறிவிடும். பயந்துகொண்டு தந்த உள்ளம் கைமாறுவதேயில்லை. பழைய இடத்திலேயே இருக்கிறது.

புனித இரண்டாம் ஜான் பால் 1981-இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் மதிப்பு முதலில் அதன் விளைபொருளைப் பொறுத்ததன்று, அதைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதைப் பொறுத்தது என்று விளக்கினார். ஆலைத் தொழிலாளரை மனத்திற்கொண்டே பலர் அம்மடலைப் படித்தனர். குளிரூட்டிய அறையில் பெருஞ்சம்பளம் வாங்கும் பொறியாளருக்கும் அது பொருந்தும் என்பது இப்போதுதான் தெரிகிறது.

அக்கடிதம் உலகின் பல நாடுகளுக்குச் சென்றது. அயர்லாந்தின் டப்ளின் நகர் அலுவலகத்திற்கும் சென்றது. அங்கே மூத்த அலுவலர் ஒருவர் 'ஆம்' என்று அழுத்தவில்லை. அவர் விலகிவிட்டதாக நிறுவனம் முடிவு செய்தது. அவரோ, 'நான் விலகவில்லை. கேட்டதற்கு விடை கூறாதிருந்தேன், அவ்வளவே' என்னும் நிலையில் நின்று, அந்நாட்டின் பணியிட உறவுகள் ஆணையத்திடம் முறையிட்டார். 2024 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. பொத்தானை அழுத்தாமை பணி விலகல் ஆகாது. ஒரே நாள் அவகாசம் நியாயமான அவகாசம் ஆகாது. அவர் முறையின்றி நீக்கப்பட்டார். அவருக்கு 5,50,000 யூரோவுக்கு மேல் இழப்பீடு வழங்குமாறு ஆணையம் கட்டளையிட்டது.

2025 ஜனவரி 28 அன்று, அதே தலைப்பில் மற்றொரு கடிதம் அமெரிக்க நடுவண் அரசின் ஊழியர் இலட்சக்கணக்கானோருக்குப் போயிற்று. எலான் மஸ்க் அப்போது அவ்வரசின் சிக்கன நடவடிக்கைகளை முன்னின்று நடத்திக்கொண்டிருந்தார். இம்முறை விலக விரும்புவோர்தாம் விடை எழுத வேண்டும். வாளாவிருப்போர் பணியில் தொடர்வதாகக் கொள்ளப்படும் என்று இருந்தது.