வாளிக்குள் ஒரு பீர்க்கை

மதுரையில் எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடியில், 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் பீர்க்கை வளர்க்கிறேன். பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும். அவ்வளவு உயரத்துக்குப் பூச்சி வருவது குறைவு. அதனால் ஆபீஸ் விட்டு வந்ததும் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவிவிடுவேன். இவ்வளவு செய்கிறோமே என்று கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காக எல்லோரும் 2 நாள் வெளியூர் போனோம். திரும்பி வந்தால் கொடி துவண்டு, பிஞ்செல்லாம் வெம்பிக் கிடந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "நாம இல்லாட்டி இது செத்துரும்" என்றேன்.

"தரையில இருந்தா உன்னைய எதுக்குத் தேடப் போகுது?" என்றது அப்பத்தா.

பாரி நினைவுக்கு வந்தான். அவனுடைய பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை மதுரையிலிருந்து அதிக தூரமில்லை. அவன் முல்லைக்குத் தேர் தந்தது கொடை. அந்தக் கொடிக்கு மண் இருந்தது, மழை இருந்தது. பற்றிக்கொள்ள வேறு மரமும் கிடைத்திருக்கும். என் பீர்க்கைக்கு அந்த வழிகளை அடைத்தவனே நான்தான். வாளி விளிம்போடு அதன் நிலம் முடிந்துவிடுகிறது. அப்படியென்றால் நான் ஊற்றுவது கொடையில்லை, கடன்.

அப்பத்தாவை மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூட்டி வந்து 3 வருஷமாகிறது. அங்கே திண்ணை, கண்மாய்க்கரை, பேச்சுக்கு நாலு பேர். இங்கே எல்லாத்துக்கும் நாங்கள்தான். "நல்லாப் பாத்துக்கிறோம்" என்று வருகிறவர்களிடம் சொல்லும்போது அதன் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

காயைப் பறிக்க எனக்கு உரிமை இருக்கலாம். நன்றியை எதிர்பார்க்க இல்லை.