எது அந்தப் பழைய துப்பாக்கி?

இத்தாலியின் பிரேஷா நகருக்கு வடக்கே, த்ரோம்பியா பள்ளத்தாக்கில் கார்தோனே என்றோர் ஊர் இருக்கிறது. அவ்வூரில் துப்பாக்கி செய்யும் பெரெட்டா குடும்பத்து முன்னோர் 1526இல் வெனிஸ் ஆயுதக் கிடங்குக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் கொடுத்ததற்கு ஆவணம் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கில் தொழில் பல பட்டறைகளுக்குள் பிரிந்து கிடந்தது. குழல் ஓரிடத்தில், பூட்டு இன்னோரிடத்தில், செதுக்கு வேலை மூன்றாவது கையில் என்று ஒரே துப்பாக்கி பலரிடம் போய்வந்தது. வாங்கி விற்ற கடைக்காரர் தம் பெயரைப் பொறித்துக்கொண்டதும் உண்டு. ஆகவே, இரு குழல்கள் அருகருகே அமைந்த ஒரு பழைய இத்தாலிய வேட்டைத் துப்பாக்கியை முன்னால் வைத்து, 'இது எது, என்ன விலை பெறும்' என்று கேட்டால், அதன்மேல் பொறித்த பெயர் பாதி விடைகூட ஆகாது. பார்ப்பதற்கு எளிதான இந்தக் கேள்விக்குள் தத்துவத்தின் மிகப் பழைய சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது: பாகங்கள் மாறிய பின்னும் ஒரு பொருளை அதே பொருள் என்று எதைக்கொண்டு சொல்கிறோம்?

விடை தேடுபவர் முதலில் குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். கார்தோனேயில் 1910இல் நிறுவப்பட்ட தேசியச் சோதனைக்கூடம், வழக்கத்தைவிட அழுத்தம் மிகுந்த தோட்டாவை வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலில் முத்திரை குத்தும். புகையில்லா வெடிமருந்துக்கு ஏற்றதா, உள்விட்டம் எத்தனை மில்லிமீட்டர், தோட்டா அறையின் நீளம் 65ஆ 70ஆ, குழல்களின் எடை என்ன என்பதெல்லாம் அங்கே பதிவாகும். ஆண்டும் உண்டு. ரோமன் எண்ணில் பதினாறு என்றிருந்தால் 1960. இரண்டு 'ஏ' எழுத்துகள் என்றால் 1975. இந்தக் குறிகள் துப்பாக்கியைப் புகழ்வதில்லை. அன்று அது எப்படி இருந்தது என்று சாட்சி சொல்கின்றன, அவ்வளவே. குழலில் 18.4 என்று பொறித்திருக்க, இன்று அளந்தால் 18.7 வந்தால், இடையில் யாரோ துருவைப் போக்க உள்ளே தேய்த்திருக்கிறார்கள், சுவர் மெலிந்திருக்கிறது. 65 என்று பொறித்த அறை இன்று 70 இருந்தால் அதுவும் பிற்காலத்தில் நீட்டப்பட்டது. பொறித்த எண்ணுக்கும் இன்றைய அளவுக்கும் உள்ள இடைவெளியில்தான் அந்தத் துப்பாக்கியின் வாழ்க்கை எழுதப்பட்டிருக்கிறது.

பழைய இந்தியத் தத்துவப் பள்ளிகளில் ஒன்றான வைசேஷிகத்தைச் சேர்ந்தவர்கள் பாகங்கள் மாறுவதைக் கடுமையாகப் பார்ப்பார்கள். முழுமை என்பது பாகங்களில் உறையும் தனிப்பொருள். ஒரு பாகம் போனால் பழைய முழுமை அழிந்து புதியது பிறக்கிறது. நூல் ஒன்றை உருவினால் அது வேறு துணி. அப்படியானால் மரக்கட்டை உடைந்து மாற்றப்பட்ட துப்பாக்கி வேறு துப்பாக்கிதான். பௌத்தர் எதிர்த்திசையில் போவார்கள். மிலிந்த பஞ்ஹா என்ற பௌத்த உரையாடல் நூலில் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனின் தேரைப் பிரித்துக் காட்டுகிறார்: சக்கரமும் தேரல்ல, அச்சும் தேரல்ல, தேர் என்பது வழக்குப் பெயர். இதை ஏற்றால், மதிப்பும் வெறும் வழக்குதானே, சந்தை நாளை வேறு மாதிரி நினைத்தால் வேறு விலை ஆகாதா என்ற ஆட்சேபம் வலுவாகவே எழும். ஆனால் அதே நூலில் நாகசேனர் இன்னொன்றும் சொல்கிறார். இரவு முழுக்க எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல. ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து வந்தவை. எனக்கு இந்த நிலைதான் சரியென்று படுகிறது. துப்பாக்கியின் அடையாளம் அந்தத் தொடர்ச்சியில் இருக்கிறது. பெயர் வழக்காக இருக்கலாம். குழல் சுவர் எவ்வளவு மெலிந்தது என்பது வழக்கல்ல.

பளபளப்பாகப் புதுப்பித்த துப்பாக்கியைவிட, கருநீலப் பூச்சு தேய்ந்து, குழலிலும் உடலிலும் கட்டையிலும் ஒரே வரிசை எண் கொண்டதற்குச் சேகரிப்போர் ஏன் அதிகம் தருகிறார்கள் என்பதும் இதனால் விளங்கும். மெருகேற்றும் சக்கரம் துருவோடு முத்திரையின் விளிம்பையும் தேய்த்துவிடுகிறது, சாட்சி ஊமையாகிறது. 'வேறுபாடே தெரியாத போலி ஒன்று வந்தால்?' என்பது அடுத்த ஆட்சேபம். இன்று தெரியாதது நாளை தெரியலாம் என்பது பாதி பதில். மீதிப் பதில் இது: கையெழுத்தில்லாத ஒரு செதுக்கு வேலை பெயர்பெற்ற கலைஞருடையது என்று நம்பி வாங்கியவர், அப்படி இல்லையென்று அறிந்ததும் அதன் அழகு குறைந்துவிட்டதாகச் சொல்வதில்லை, தாம் ஏமாற்றப்பட்டதாகத்தான் சொல்கிறார். அவர் விலை கொடுத்தது கண்ணுக்குத் தெரியும் வடிவத்துக்கு மட்டுமல்ல, ஒரு கடந்தகாலத்துக்கும்.

அப்படியென்றால் பழுதுபார்த்ததெல்லாம் மதிப்பிழந்ததா? இல்லை. குழல்களை வெட்டி, பழைய அடிப்பகுதிக்குள் புதுக் குழாய் பொருத்தும் வேலை உண்டு. இங்கிலாந்தில் அப்படிச் செய்தால் மறுசோதனைக்கு அனுப்பி, 'ஸ்லீவ்ட்' என்று குழலில் பொறிக்க வேண்டும். அந்தச் சொல் இருந்தால் சேகரிப்பு விலை வெகுவாக விழும். ஆனாலும் வேட்டைக்காரர் நம்பி வாங்குவார், ஏனெனில் தொடர்ச்சி எங்கே அறுந்தது, எங்கே ஒட்டியது என்று துப்பாக்கியே சொல்லிவிடுகிறது. அதே வேலையைச் செய்து மறைத்துவிட்டால், வாங்குபவர் கையில் இருப்பது எந்தத் துப்பாக்கி என்று விற்பவரைத் தவிர எவருக்கும் தெரியாது.