முதல் டிகாஷன்

ஃபில்டரில் முதலில் இறங்கும் டிகாஷன் யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே நடந்துகொண்டிருந்தது. முதலாவது தாத்தாவுக்கு, அப்பாவுக்கு, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு. அதே பொடியின் மேல் இன்னொரு தடவை வெந்நீர் விட்டு இறக்கியது, பாத்திரம் துலக்க வருகிற அக்காவுக்கும், எல்லாருக்கும் காபி போட்டுக்கொடுத்த என் அம்மாவுக்கும். காபி குடித்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இந்த வரிசைதான் இருந்திருக்கும். வீட்டில் நல்ல காபி போடுவது எப்படி என்று இப்போது நிறையப் பேர் ஆர்வமாகக் கேட்கிறார்கள், பணமும் செலவழிக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். அந்தக் கேள்வியோடு கூடவே, அது யார் கையால், யாருக்கு என்பதையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

வெந்நீர் பட்டதும் பொடியில் உள்ளதெல்லாம் ஒரே சமயத்தில் இறங்கிவிடுவதில்லை. புளிப்பும் வாசனையும் முதலில் வரும். அப்புறம் இனிப்பு. கசப்பும் துவர்ப்பும் கடைசிவரை வந்துகொண்டே இருக்கும். எஸ்பிரெஸோ போடுகிறவர்களுக்கு இது பாலபாடம். 18 கிராம் பொடி போட்டால் கோப்பையில் 36 கிராம் அளவுக்கு இறங்கியதும், அதாவது 25 முதல் 30 விநாடிக்குள், கோப்பையை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் வெளிறிப்போய் ஒழுகுவதை வடிதட்டில் விட்டுவிடுவார்கள், யாரும் குடிப்பதில்லை. அப்படிக் கீழே விடுகிற பகுதிக்கு நெருங்கியதைத்தான் நம் வீடுகளில் சிலருக்கென்று ஒதுக்கி, பாலைக் கூட்டிச் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்து வந்திருக்கிறோம். எஸ்பிரெஸோவின் கணக்கைப் படித்தபோது என் மனதில் முதலில் வந்து நின்றது இதுதான்.

அம்மாவுக்குக் காபிக்கென்று தராசோ தெர்மாமீட்டரோ கிடையாது. பித்தளை ஃபில்டரின் மேல்பாத்திரத்தை எடுத்து முதலில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். அடியில் உள்ள பொத்தல்கள் எல்லாவற்றிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அடைத்திருந்தாலும் அடுப்பு நெருப்பில் காட்டி, இறுகிக் கிடக்கும் பழைய பொடி கருகி உதிரும்வரை திருப்பித் திருப்பிப் பிடிப்பார். புதுப்பொடியைப் போட்டுப் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினால் அது மட்டமாகிவிடும். அதன்மேல் குடையை வைத்து லேசாக ஓர் அழுத்து. சிறுவயதில் நான் போய் பலத்தையெல்லாம் காட்டி அழுத்தினால், “ரொம்ப அமுக்காதய்யா, எறங்காது” என்பார். கொதித்து அடங்கின தண்ணீரை எடுத்தவுடன் முழுக்க ஊற்றிவிட மாட்டார். பொடி நனைகிற அளவுக்கு மட்டும் சுற்றி விட்டுக் கொஞ்சம் பொறுப்பார். பொடி மெதுவாக உப்பும். வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயு வெளியேறுவதால் வருகிற உப்பல் அது; பொடி புதிதாக இருந்தால்தான் உப்பும். உப்பினது அமிழ்ந்த பிறகுதான் மீதித் தண்ணீர்.

இன்றைக்கு எஸ்பிரெஸோ பழகுகிறவர்கள் கற்றுக்கொள்வதும் இதையேதான். பொடியை மட்டமாகப் பரப்புவது, ஒரே சீராக அழுத்துவது, முதலில் கொஞ்சம் நனையவிடுவது, தண்ணீர் ஒரே இடத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு ஓடிவிடாமல் பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் தனிக்கருவியும் வந்திருக்கின்றன. அம்மாவின் கையளவை நான் தராசில் வைத்துப் பார்த்ததில் ஏறக்குறைய 30 கிராம் பொடி, 150 மில்லி தண்ணீர். பொடி தன் எடைக்கு இரண்டு பங்கு தண்ணீரைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் கீழே இறங்குவது 90 மில்லி. சீரான டிகாஷன் வேண்டும் என்றால் இன்றும் நான் இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறேன். டிகாஷன் இறங்கக் கால் மணி முதல் இருபது நிமிடம் பிடிக்கும். அதற்கு முன்னால் அடுப்பு, பால், வெந்நீர். ஐந்தேகாலுக்குத் தாத்தா கையில் டம்ளர் இருக்க வேண்டுமானால் அம்மா நாலரைக்கே எழுந்தாக வேண்டும். இவ்வளவு நுணுக்கமான தேர்ச்சியை எங்கள் வீட்டில் ‘பழக்கம்’ என்றுதான் சொன்னோம். ‘அவளுக்குப் பழகிப்போச்சு’ என்பார்கள். அதையே வீட்டு ஆண் ஒருவர் செய்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பார்கள்.

காபி இந்த மண்ணில் வேர்பிடித்ததே இப்படிப்பட்ட மேல்கீழ்களோடுதான். ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற கட்டுரையைப் படித்தவர்களுக்கு, காபி எப்படி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாயிற்று, டீ எப்படி உழைக்கிற மக்களின் பானமாக நின்றது என்பது தெரிந்திருக்கும். காபி கிளப்புகளில் யார் எங்கே உட்காரலாம் என்பதற்குக்கூட விதி இருந்தது. சென்னை உணவகத்துப் பலகையில் ‘பிராமணாள்’ என்று எழுதியிருந்ததை எதிர்த்து 1957-இல் பெரியார் போராட்டம் நடத்தினார். கடைப் பலகையை எதிர்த்து வீதியில் நின்று போராட முடிந்தது. சமையலறைக்குள் இருந்த வரிசைக்குப் பலகையே கிடையாது.

எஸ்பிரெஸோ பிறந்தது வீட்டில் அல்ல, கடையில். மிலானைச் சேர்ந்த லூய்ஜி பெட்ஸெரா 1901-இல் காப்புரிமை வாங்கிய எந்திரத்தின் நோக்கமே, வந்து நிற்கிற ஒவ்வொருவருக்கும் உடனுக்குடன் ஒரு கோப்பை கொடுப்பதுதான். அதில் நீராவிதான் தண்ணீரைத் தள்ளியது, அழுத்தமும் குறைவு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அதே ஊரில் அகில்லே காஜியா நெம்புகோலும் பிஸ்டனும் வைத்து அழுத்தத்தைக் கூட்டிய பிறகுதான், காபியின் மேல் பொன்னிறத்தில் படரும் அந்த நுரை வந்தது. இன்றைக்கு ஒன்பது பார் அழுத்தம் என்பது வழக்கமாகிவிட்டது. இத்தாலியர்களின் வீடுகளிலோ 1933-இல் வந்த பியாலெட்டியின் மோக்கா பாத்திரம்தான் அடுப்பில் இருந்தது. எஸ்பிரெஸோ வேண்டுமென்றால் தெருவுக்கு இறங்கிப்போய் நின்றுகொண்டே குடித்துவிட்டு வருவார்கள்.

என்னை இந்த எந்திரத்தின் பக்கம் இழுத்தது அந்த நுரை அல்ல. ஒவ்வொரு கோப்பைக்கும் புதுப்பொடி என்கிற முறைதான். ஃபில்டரில் வீட்டுக்கே சேர்த்து ஒரு டிகாஷன். ஒன்றைப் பலர் பங்கிடும்போது முந்தியது யாருக்கு, பிந்தியது யாருக்கு என்ற பேச்சு வந்துவிடுகிறது. எஸ்பிரெஸோவில் முதல் டிகாஷன் மட்டுமே உண்டு. யார் வந்தாலும் அவருக்கென்று அரைத்து, அவருக்கென்று இறக்கியதுதான். பாத்திரம் துலக்க வருகிறவருக்கும் அதே 18 கிராம். இதற்காக எந்திரம் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஃபில்டரில் இரண்டாம் தண்ணீர் விடாமல் இன்னொரு தடவை புதிதாகப் பொடி போட்டால் அதே நியாயம் கிடைத்துவிடும். கூடுதலாக ஆவது ஒரு கைப்பொடி. அந்த ஒரு கைப்பொடியை மிச்சம் பிடித்துத்தான் இத்தனை காலம் ஒரு வரிசையைக் கட்டிக் காத்தோம் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

எந்திரம்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதலில் கொட்டை, அடுத்து அரவை, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் எந்திரம். கடைக்காரர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வார்கள். வறுத்து ஒன்றிரண்டு வாரம் ஆன கொட்டையாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வாங்க வேண்டும். கர்நாடகத்துச் சிக்மகளூரும் குடகும் எல்லாருக்கும் தெரியும். ஏற்காட்டிலும் பழனி மலையில் தாண்டிக்குடி பக்கமும் விளைவதைத் தேடி வாங்கிப் பார்க்கலாம். ரோபஸ்டா என்றாலே மட்டம் என்று நினைப்பது சரியல்ல. எஸ்பிரெஸோவில் அடர்த்தியும் நுரையும் அதனால்தான் கூடுகின்றன. நம் காபியைப் பல ஆண்டுகளாக மிக அதிகமாக வாங்கிக்கொண்டிருக்கும் நாடு இத்தாலிதான். காஃபீன் மட்டும் அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும், ராத்தூக்கம் முக்கியம் என்பவர்கள் கவனிக்க வேண்டும். சிக்கரி கலந்த பொடி எந்திரத்துக்கு ஆகாது, அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் காபிக்கு சிக்கரி தருகிற கனமும் நிறமும் எனக்குப் பிடித்தவைதான். ஆனால் சட்டம் 49 சதவீதம்வரை அதை அனுமதிக்கிறது, ஆகவே பாக்கெட்டில் போட்டிருக்கும் விகிதத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவாகும், பாதி குருணையாக நிற்கும். மாவு கசப்பைக் கொடுக்கும், குருணை புளிப்பைக் கொடுக்கும். இரண்டும் ஒரே கோப்பையில் சேர்ந்தால் எதைத் திருத்துவது என்றே தெரியாது. இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே நொறுக்கும் கைமெஷின் ஒன்று இருந்தால் போதும். இறங்குவதற்கு நேரமானால் அரவையை ஓர் இழை பெரிதாக்குவது, சடசடவென்று ஓடினால் நைசாக்குவது, இதில் கை பழகிவிட்டால் வேலை பாதி முடிந்தது. தண்ணீரைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சென்னையின் பல பகுதிகளில் போர்த் தண்ணீர் எந்திரத்துக்குள் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகள் அளவுக்குமேல் போய்விட்டிருந்தால் காபி சப்பென்று இருக்கும். இரண்டையும் கலந்து, நாக்கு ஒத்துக்கொள்கிற இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த ஆர்வத்தால் சமையலறைக்குள் வந்திருக்கிற ஆண்களைப் பார்க்க எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அடுப்பங்கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் வளர்ந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள், அரை கிராம் கூடிவிட்டது, இரண்டு விநாடி குறைந்துவிட்டது என்று கவலைப்படுகிறார்கள். கவலைப்படட்டும். ஆனால் காபி என்பது கோப்பையோடு முடிவதில்லை. சக்கையைத் தட்ட வேண்டும், கைப்பிடியைக் கழுவ வேண்டும், பால் விடும் ஆவிக்குழாயை அப்போதே துடைக்காவிட்டால் பால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மேடையெல்லாம் சிந்திக் கிடக்கும் பொடியை இன்னொருவர் வந்து துடைக்கிறார் என்றால், அந்த வீட்டில் பழைய வரிசை இன்னும் போகவில்லை என்றுதான் அர்த்தம். எந்திரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நான்கு பேர் வந்தால், போடுகிறவர் ஒவ்வொரு கோப்பையாகப் போட்டுக்கொண்டு நின்றுகொண்டே இருக்க வேண்டும். கூடத்துப் பேச்சு அவர் காதில் விழுவதோடு சரி. அதனால் ஆட்கள் கூடினால் எங்கள் வீட்டில் ஃபில்டர்தான், அதுவும் பெரிய ஃபில்டர். காலையில் யார் முதலில் எழுகிறாரோ அவர் போடுவார். சாயங்காலம் என் மகள் பொறுப்பு. கல்லூரி விட்டு வந்ததும் அவள்தான் எந்திரத்தைச் சூடாக்குகிறாள்.

அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். பேத்தி போட்டுத் தரும் காபியைக் குடித்துவிட்டு அவர் சொன்ன தீர்ப்பு: “நல்லாத்தான் இருக்கு. சூடுதான் பத்தலை.” ஆவிக்குழாயில் பாலை 60, 65 டிகிரிக்கு மேல் ஏற்றக்கூடாது, அதைத் தாண்டினால் நுரை கெட்டுப் பாலின் இனிப்பு தெரியாமல் போகும் என்று மகள் விளக்கினாள். “அதெல்லாம் உனக்கு. எனக்குக் கொதிச்ச பால் வேணும்” என்றார் அம்மா. காய்ச்சின பாலின் அந்த வாசனையும் சேர்ந்ததுதான் அவருக்குக் காபி, அறுபது வருடத்து நாக்கு அது. இரண்டு மூன்று நாள் பாட்டிக்கும் பேத்திக்கும் வாதம் நடந்தது. இப்போது பாலை அடுப்பில் பொங்கக் காய்ச்சி, டம்ளரில் இறக்கின எஸ்பிரெஸோவின் மேல் ஊற்றி, டவராவில் இரண்டு ஆற்று ஆற்றிக் கொடுக்கிறாள். ரோபஸ்டாவைக் கொஞ்சம் கூட்டினால் பாலுக்கு இன்னும் எடுப்பாக இருக்கும் என்று அடுத்த வாரத்துக்கான கொட்டையை இருவரும் சேர்ந்து முடிவுசெய்திருக்கிறார்கள். சர்க்கரை விஷயத்தில் மட்டும் இன்னும் உடன்பாடு வரவில்லை.